நாலு குருவி

எங்கள் தொழிற்சாலையில் இன்றைக்கும், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்குப் பெயர் குருவி. "ரெண்டு குருவி எடுத்துடு" என்றால் சாணை இயந்திரத்தில் நிற்பவன் மறுபேச்சில்லாமல் அந்த அளவு இரும்பைத் தேய்த்து எடுப்பான். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் வாயிலும் அதே பேச்சுதான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பழைய ஆட்கள் ஒரு கதை சொல்வார்கள். அளவறைக்குத் தலைவராக ஒருவர் இருந்தாராம். நாலே நாலு குறைந்ததற்காகச் சொந்தத் தங்கை புருஷனையே வீட்டுக்கு அனுப்பினாராம். அப்படி ஒரு நேர்மையாம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்த நாலு என்ற எண்ணைத் தாளில் எழுதியவளே நான்தான்.

அளவறை என்பது தொழிற்சாலையின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும். இரட்டைக் கதவு. வெளியே கொதித்தாலும் கொட்டினாலும் உள்ளே எப்போதும் இருபது டிகிரிதான். நடுவில் கறுப்புக் கல் மேஜை. அதன் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவர் அளந்து சொல்லுவார், நான் எழுதுவேன். பத்தொன்பது வருஷம் இதுதான் எங்கள் பிழைப்பு. எல்லோரும் அவரை அளவுக்காரர் என்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். உள்ளே வரும்போதும் போகும்போதும் கை கழுவுவார். சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். என் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர் சுவரில் சாய்ந்திருந்த நாட்காட்டியை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். அதுதான் இதில் எனக்குப் பெரிய கஷ்டம்.

குருவி சாணை இயந்திரத்தில் நின்றவர். ஒல்லியான உடம்பு. கல் இரும்பைத் தொடும் நேரத்தில் தன்னை அறியாமல் உதட்டைக் குவித்துச் சீட்டி அடிப்பார், அதனால் வந்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். தேய்த்த உருளையின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார். அளவறை ஊசியில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இருக்கும். அளவுக்காரர் அந்தக் கையைப் பார்த்துத்தான் தன் தங்கையை அவருக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோது என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"இவன் வாய் பொய் சொன்னாலும் சொல்லும்மா. கை சொல்லாது."

அதுவரைக்கும் எங்களுக்கு அத்தனை சின்ன அளவோடு சகவாசம் கிடையாது. பெரிய நீரேற்றும் இயந்திரங்கள் செய்கிற ஒரு வாடிக்கையாளர் வந்த பிறகுதான் வரைபடத்தில் அந்த வால் முளைத்த எழுத்து வந்தது. மேலாளர் அதை மைக்ரான் என்றார். வேலைத் தளத்தில் அந்தச் சொல் யார் வாயிலும் ஒட்டவில்லை. சிலர் "அந்த வாலு" என்றார்கள். சிலர் விரலை நெருக்கிக் காட்டி ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார்கள். தலைமயிரின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு என்று அளவுக்காரர் விளக்கினார். "அவ்வளவு சின்னதைப் பத்தி நமக்கு என்ன சார் கவலை?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்குப் பதில் அடுத்த மாதமே கிடைத்தது.

நாற்பத்திரண்டு உருளைகள். ஒவ்வொன்றும் அறுபது மில்லிமீட்டர் விட்டம். எல்லாம் குருவி தேய்த்தவை. வாசலில் வண்டி வந்து நிற்கிறது, அன்றைக்கே ஏற்றியாக வேண்டும். அன்று பார்த்து அளவுக்காரருக்குக் காய்ச்சல். கண் சிவந்து, உதடு வெடித்து, தோளில் ஒரு போர்வையோடு வந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். "நான் போனா யாரு பாப்பாங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். அவரை விட்டால் அந்த ஊசியைத் தொட ஆளில்லை.

வேலை எப்படி என்றால், முதலில் மூல உருளை என்று ஒன்று உண்டு. மிகச் சரியாக அறுபது. அதை ஊசியின் கீழே வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வோர் உருளையாக வைத்தால் முள் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று காட்டும். மூல உருளையை வெறும் கையில் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. கைச் சூட்டில் இரும்பு வீங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஊசிக்குத் தெரியும். கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது, என் கையெழுத்துதான். அன்று அவர் மூல உருளையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தார். துடைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கண் அசந்துவிட்டார். பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். வெளியே மேலாளர் கண்ணாடியைத் தட்டியதும் விழித்து, நேராகக் கொண்டுபோய் ஊசியின் கீழே வைத்துப் பூஜ்யம் போட்டார். நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. அளப்பது அவர் வேலை, எழுதுவது என் வேலை என்று அப்போது எனக்கு ஒரு திமிர் இருந்தது.

முதல் உருளை நாலு குறைந்தது. இரண்டாவது நாலு. மூன்றாவது நாலு. நாற்பத்திரண்டும் அப்படியே. இரண்டு வரைக்கும் ஏற்றுக்கொள்வார்கள், நாலு என்றால் கழிவுதான். கூடுதலாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், குறைந்த இரும்பை ஒட்ட வைக்க முடியாது. நாற்பத்திரண்டும் ஒரே மாதிரி தப்பாக வந்தால் தப்பு உருளையிலா ஊசியிலா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கேட்டார்.

"மச்சான், ஊசிய இன்னொரு தடவ பாருங்க" என்றார் குருவி, கதவுக்கு வெளியே நின்றபடி.

"ஊசிக்கு என்ன மாப்ள, உங்க மேல கோவமா?" என்றார் அளவுக்காரர். காய்ச்சலில் அவருக்கு நிற்கவே முடியவில்லை.

வாடிக்கையாளருக்குக் காட்ட மேலாளருக்கு ஒரு தலை தேவைப்பட்டது. மாலைக்குள் உருளைகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, யாரும் திருட்டுத்தனமாக ஏற்றிவிடாதபடி ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக அறுத்துப் போட்டார்கள். குருவியை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அளவுக்காரரைத் தளத்துக்கு நடுவில் நிறுத்தி மேலாளர் தோளில் தட்டினார். "சொந்தக்காரன்னு பாக்காம எழுதின மனுஷன். இவர மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்."

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. வழக்கப்படி முதல் வேலையாக மூல உருளையை எடுத்து வைத்தார். முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை, நாலு தள்ளி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்த்தார். பிறகு திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"நாளைக்குச் சொல்லிடறேன்மா" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்த நாளை வரவே இல்லை. அதற்குள் அவரை அளவறைக்குத் தலைவராக்கி உத்தரவு வந்துவிட்டது.

பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். கடைசல் இயந்திரத்தில் நிற்கிற ஒரு வாயாடி. அடுத்த வாரமே, "எவ்வளவு கூடுது?" என்று ஒருவன் கத்த, இவன், "ரெண்டு குருவி. நாலாச்சுன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று திரும்பக் கத்தினான். தளம் முழுக்கச் சிரித்தது. கேலியும் இருந்தது, பயமும் இருந்தது. வாயில் நுழையாத சொல்லைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு நுழைகிற சொல் ஒன்று கிடைத்துவிட்டது. அரைக் குருவி, ஒரு குருவி, குருவிக் கணக்கு. ஒரே மாதத்தில் அது ஆளின் பெயர் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோனது. அளவுக்காரர் மட்டும் மைக்ரான் என்றே சொல்லி வந்தார். ஒருநாள் இரைச்சலுக்கு நடுவில் "மூணு மைக்ரான்" என்று கத்துகிறார், எதிரில் நின்றவன் காதில் கை வைத்து "என்ன சார்?" என்கிறான். மூன்று தரம் கத்திப் பார்த்தார். கடைசியில் "மூணு குருவி" என்றார். அவனுக்கு உடனே புரிந்தது. அவர் உள்ளே வந்து கை கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

குருவி ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் திரும்ப வந்தார். வேலை போய் மூன்று வாரம் இருக்கும். பைக்குள் துணி சுற்றிய பாதி உருளை. கழிவுத் தொட்டியிலிருந்து எப்படியோ எடுத்துப் போயிருக்கிறார். அவர் கதவருகே நிற்கும்போது தளத்திலிருந்து யாரோ "இன்னும் ஒரு குருவி" என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னையா கூப்பிட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லண்ணே. அது அளவு."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சின்னதாகச் சிரித்தார், வேறென்ன செய்வார். பிறகு மச்சானிடம் அந்தத் துண்டை நீட்டினார்.

"எனக்காக ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க மச்சான். வேல வேணும்னு கேக்கல. என் விரலு சரின்னு சொல்லுது, உங்க ஊசி இல்லங்குது. எது நிஜம்னு எனக்குத் தெரியணும்."

அளவுக்காரர் வாங்கிக்கொண்டு, சிவப்பு வண்ணத்தைத் துடைத்து, கல் மேஜையில் ஒரு நாள் முழுக்க ஆற வைத்தார். மறுநாள் குருவி கண்ணாடிக்கு வெளியே நிற்க, இவர் உள்ளே அளந்தார். முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. எதிரில் இருந்த எனக்கும் தெரிந்தது. இப்போதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் கதவைத் திறந்து வெளியே போனார்.

"நாலுதான் மாப்ள" என்றார்.

காய்ச்சலில் நடந்ததை நான் மன்னித்திருப்பேன். பயத்தில் மறைத்ததைக்கூட விட்டிருப்பேன். நிதானமாக அளந்துவிட்டு, நல்ல உடம்போடு போய்ச் சொன்ன இந்தப் பொய்யை என்னால் விழுங்க முடியவில்லை. ஆனால் நான் என்ன கிழித்தேன்? என் தாளில் எழுத எதுவும் இல்லை என்று மூடி வைத்துவிட்டேன். குருவி அந்தத் துண்டை வேண்டாம் என்று எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எந்த இயந்திரத்திலும் நின்றதாகக் கேள்விப்படவில்லை. தையல் கடைகளுக்குக் கத்தரிக்கோல் தீட்டிக் கொடுக்கிறார் என்றார்கள்.

பதினொரு வருஷம் போனது. அளவுக்காரர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது புது மேலாளர் வந்தார். சுறுசுறுப்பான ஆள். தளத்தில் எல்லோரும் ஒன்றைச் சொல்ல, அட்டையில் வேறொன்று இருப்பதுதான் தவறுகளுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். இனி எங்கள் அளவு அட்டைகளில் குருவி என்றே அச்சாகும், தளத்தின் வாசலில் பலகை வைக்கப்படும் என்றார். பலகையின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். ஒரு குருவி என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கீழே அளவறைத் தலைவர் கையெழுத்துக்கு இடம்.

"உங்களாலதான் இந்தப் பேரு வந்துச்சாமே சார். உங்க கையெழுத்து இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அளவுக்காரர் பேனாவை எடுத்தார். வைத்தார். என் முன்னாலேயே எல்லாவற்றையும் மேலாளரிடம் சொன்னார், போர்வையிலிருந்து பாதித் துண்டு வரைக்கும். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சார், இத எழுத்துல போட்டா அந்த வருஷம் நாம கொடுத்த அத்தன சான்றிதழும் சந்தேகத்துக்கு வரும். உருளைங்கள அறுத்துப் போட்டாச்சு, வாங்கினவங்களும் மறந்தாச்சு. விட்டுடுங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல."

கையெழுத்தைப் பிறகு வேறொருவர் போட்டார். பலகை இப்போதும் வாசலில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அளவுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க கூட வந்து உக்காந்தா போதும்மா. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்" என்றார். நானும் போனேன். குருவியின் வீடு ஒரு மாடிப்படியின் முடிவில் இரண்டு அறை. அவர் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோல்களைத் துணியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாண்ணே, வாங்கக்கா" என்று டீ போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணன் வீட்டுப்பக்கமே வருவதில்லை என்று அவளுக்குக் குறை. குற்ற உணர்ச்சியில் வராமல் இருந்தவரை, தன் புருஷன் தேடிவைத்த அவமானத்தால் வராமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இவரு மட்டும் ஒழுங்காத் தேச்சிருந்தா நீயும் தலை நிமிந்து இந்த வீட்டுக்கு வந்திருப்ப" என்றாள். எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லிக் காரம் போன பேச்சு. குருவி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

அளவுக்காரர் டம்ளரைக் கையில் வைத்தபடியே சொன்னார். "மாப்ள, அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மூல உருளைய மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். அது சூடேறிப் போச்சு. அதோட ஒப்பிட்டுத்தான் உங்க உருளைய அளந்தேன். உங்களது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

குருவி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நான் கொண்டு வந்த துண்டு?"

"அதுவும் சரிதான்."

"நாலுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன் மாப்ள."

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் சொன்னதில்லை. அவள் எழுந்து அண்ணன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதி டீயோடு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

குருவி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கணக்குப் போடுகிறவர் மாதிரி மெதுவாகப் பேசினார்.

"வேல போனது பெரிசில்ல மச்சான். அந்த வாரமே கப்பல் பட்டறையில கூப்பிட்டாங்க."

"எந்தப் பட்டறை? என்கிட்ட சொல்லவே இல்லயே" என்றாள் தங்கை.

"ரெண்டு தடவ ஆள் அனுப்பினாங்க. மச்சான் அந்தத் துண்டப் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் பதில் சொல்லலாம்னு இருந்தேன். அவரு நாலுன்னாரு. ஊசி தப்பாப் போகும், நம்ம மச்சான் ரெண்டாந்தடவையும் தப்பாப் பாப்பாரா? என் கை போயிடுச்சு, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்." மச்சானை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கை போகலயா?"

"இல்ல மாப்ள. அப்படி ஒரு கைய நான் அதுக்கப்புறம் பாக்கவே இல்ல."

குருவி இரண்டு கைகளையும் தனக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார். சாணைக் கறை ஏறிய விரல்கள். அவை நடுங்கின. நிறுத்த முயன்றார், நிற்கவில்லை. தங்கை அவற்றைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ போயிடுச்சு மச்சான்" என்றார்.